எச்சில் பட்ட வில்

மரம் நாறியது. சடைச்சி மரம் சீவச் சீவ இப்படித்தான் நாறும் என்று தாணுலிங்கத்துக்குத் தெரியும், நனைந்த தோல் செருப்பை அலமாரிக்குள் வைத்து மறந்துபோன மாதிரி ஒரு நாற்றம். ஆனால் இது மரத்தின் நாற்றம்தானா, நாலடி தள்ளி வயர் கட்டிலில் கிடக்கிற அண்ணனின் நாற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, அதுதான் அவனுக்குக் குமட்டியது. ஏதாவது ஒன்று என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கலாம். கண்ணாடிச் சில்லைச் சாய்த்துப் பிடித்து வில்லின் உள்முகத்தில் இழுத்தான். மெல்லிசாய் ஒரு சீவல் சுருண்டு மடியில் விழுந்தது, அதையும் விரல்நுனியால் தட்டிவிட்டான். மணி இரண்டேகால். ஐந்துக்குக் கோயில் பூசை செய்கிற போற்றி வந்துவிடுவார். இன்று பூசை வைப்பு, வில் சாயங்காலமே அம்மன் காலடிக்குப் போயாக வேண்டும், வீட்டிலும் உளி, இழைப்புளி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கிவிட்டால் அப்புறம் விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. நாளை மறுநாள் பரிவேட்டை. அம்மன் குதிரை ஏறி மண்டபத்துக்குப் போவாள், அவளுக்காகப் போற்றி வில்லை வளைத்து, கட்டித் தொங்கவிட்ட இளநீரில் அம்பை விடுவார், ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். வருஷத்துக்கு ஒரு புது வில். இருபத்திரண்டு வருஷமாக அண்ணன் மாதேவன் செய்துகொடுத்த வில். ஆடி மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் ஒன்றாகப் போய்விட்டதில் இந்த வருஷ வில் பாதியில் நின்றுவிட்டது. கோயில் கூட்டத்தில் யாரோ, "மாதேவன்தான் விழுந்துட்டானே, வேற ஆளப் பாத்துக்கிடலாம்" என்று சொன்னபோது தாணுலிங்கம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாகர்கோவிலில் பிளைவுட் அடுக்களை செய்கிறவனுக்கு வில்லைப் பற்றி என்ன தெரியும்? எழுந்து நின்று, "எங்க அண்ணன் தொட்ட வில்லுதான் போகும், மிச்சத்த நான் முடிச்சுத் தாறேன்" என்று சொல்லிவிட்டான். நாலு பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தாலே இப்போது எரிச்சலாக வந்தது. இந்த வில் போற்றி கையில் முறிந்தால் தம்பி முறித்தான் என்று ஒருத்தரும் சொல்லப்போவதில்லை, வாயும் கையும் விழுந்தவன் தொட்ட வில், அதான் முறிந்தது என்றுதான் சொல்வார்கள், இருபத்திரண்டு வில்லையும் மறந்துவிட்டு இந்த ஒன்றைத்தான் அண்ணன் செத்த பிறகும் சொல்வார்கள்.

டிக்.

கை நின்றது. என்ன சத்தம் அது. மரமா? சுவரில் அடித்திருக்கிற முளையைப் பார்த்தான், மேலே டியூப்லைட் பட்டியைப் பார்த்தான். பல்லியாக இருக்கும். இந்த வீட்டில் பல்லிக்கா பஞ்சம். பல்லி என்றால் மூன்று நாலு தடவை சொல்லும், இது ஒரே ஒரு டிக். மரம் என்றால்? மரம் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கும்போது இப்படித்தான் ஒரு சத்தம் கேட்குமாம், வெளியே ஒன்றும் தெரியாதாம், அப்புறம் பத்து இழுப்பில் பிளந்துகொள்ளுமாம். அண்ணன் எப்போதோ சொன்னது. வில்லைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஒன்றும் தெரியவில்லை. மரம் வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் வினையாகிவிட்டது. நேற்று பரணிலிருந்து இதை இறக்கியபோது உள்முகம் முழுக்கத் திட்டுத் திட்டாக ஒரு மினுமினுப்பு காய்ந்து கிடந்தது, நத்தை ஊர்ந்த தடம் போல. தாணுலிங்கத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. எச்சில். அண்ணன் நார் ஓட்டம் பார்க்க மரத்தை நக்குவான். தேக்கோ, பலாவோ, வேம்போ, எது கையில் வந்தாலும் நாக்கை நீட்டி ஒரு இழுப்பு, பெருவிரலால் ஒரு தேய்ப்பு, அப்புறம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பான். கட்டில் கால், கதவு நிலை இதையெல்லாம் நக்குகிறான், தொலையட்டும். அம்மனுடைய வில்லையுமா? நைவேத்தியத்தை மோந்து பார்க்கக்கூட யோசிக்கிற ஊரில், மூன்று வேளை குளித்துவிட்டு ஈர வேட்டியோடு போற்றி தொடுகிற வில்லில், இருபத்திரண்டு வருஷமாக இவனுடைய எச்சில். தாணுலிங்கம் வில்லைத் துண்டால் பிடித்துத் தூக்கினான். கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பாத்திரம் விளக்குகிற சோப்பைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தான். கருத்த தண்ணீர் வாழைப் பாத்திக்கு ஓடியது. அது ஓடி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான், மனசுக்குக்கூட நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்று மத்தியானம்தான் அண்ணன் பெண்டாட்டி, நீலாவதி மைனி, பொரியும் பழமும் வாங்கக் கடைக்குக் கிளம்பினாள். பையை எடுத்துக்கொண்டு வந்தவள் வில்லைப் பார்த்துவிட்டு நின்றாள். "தம்பி, இதுல பென்சில் கோடு போட்டிருந்தாருல்லா, அது எங்க?" என்று கேட்டாள். "என்ன கோடு மைனி?" "பெருக்கல் குறி மாதிரி அங்கங்க போட்டிருந்தாரே. சுவத்துல மாட்டி இழுத்து இழுத்துப் பாத்து, ஆறு நாளு உக்காந்து போட்டாரு. பெருக்கல் போட்ட எடத்துல தொடக்கூடாது, அங்க மரத்துக்கு தெம்பு இல்லன்னு சொன்னாரு. கோடு போட்ட எடத்துலதான் சீவணுமாம்." தாணுலிங்கம் வில்லைப் புரட்டிப் பார்த்தான். எச்சில் தடத்தைப் பார்த்தவன் அதன் அடியில் மங்கலாய்க் கிடந்த பென்சில் தடத்தைப் பார்க்கவில்லை, அழுக்கு என்று நினைத்துவிட்டான். "ஆமா, பாத்தேன் மைனி. எனக்கு மனசுல இருக்கு" என்று ஒரு பொய்யைச் சொன்னான். அவள் நம்பிவிட்டாள், அவள் எல்லாவற்றையும் நம்புவாள். "மூணு மணிக்குக் கஞ்சி குடுத்துருங்க. தம்ளர்ல ஆத்தி வச்சிருக்கேன். கரண்டியால கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, வாய தொடச்சு விடுங்க, துண்டு தலமாட்டுல கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகிறபோது அவள் கை புருஷனுடைய மோவாயை ஒரு வழிப்பு வழித்துச் சேலையில் துடைத்துக்கொண்டது. யோசிக்காமல், போகிற போக்கில். தாணுலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இனி எங்கே சீவுவது, எங்கே விடுவது. வில்லின் நடுவைச் சுவர் முளையில் மாட்டிக் கயிற்றைக் கீழே இழுத்துப் பார்த்தான். வில்லின் வலது கை வளைகிறது, இடது கை விறைத்துக்கொண்டு நிற்கிறது. விறைப்பாக இருக்கிற இடத்தில்தானே சீவ வேண்டும், இதில் என்ன பெரிய வித்தை. அப்படி நினைத்துத்தான் இடது கையின் நடுவில் நாலைந்து இழுப்பு இழுத்தான், அப்போதுதான் அந்த டிக். ஒருவேளை அங்கேதான் பெருக்கல் குறி இருந்ததோ? மேலே விறைப்பாகத் தெரிந்தாலும் உள்ளே நார் ஓடி அறுந்த இடமாக இருக்குமோ? அண்ணனைக் கேட்கலாம் என்றால் அவனுக்கு ஆவ் என்கிற ஒரு சத்தத்தைத் தவிர வாயில் ஒன்றும் இல்லை. "எங்கண்ணே போட்ட, இங்கயா?" என்று விரலை வைத்து ஒவ்வொரு இடமாகக் கேட்டும் பார்த்தான். ஆவ். இங்கே? ஆவ். எல்லாவற்றுக்கும் ஆவ். அண்ணன் தன் இடது கையை மட்டும் தூக்கித் தூக்கி வாய்ப் பக்கம் கொண்டுபோனான், பசி போலிருக்கிறது என்று தாணுலிங்கம் விட்டுவிட்டான். பேசுகிற காலத்திலும் இவன் என்ன ஒழுங்காகச் சொன்னான். எல்லாம் சிரிப்பு, எல்லாம் விளையாட்டு. கொய்யாப்பழத்தைக் கடித்து, பாதியை நீட்டி, "தின்னுலே, இனிக்கும்" என்பான். கடித்த இடத்தில் பல் தடமும் ஈரமும் பளபளக்கும். தாணு மாட்டேன் என்றால் பிடரியில் ஒன்று வைப்பான். பள்ளிக்கூடத்து மோர்ப் பாட்டிலிலும் வாய் வைத்துக் குடித்துவிட்டுத்தான் தருவான். தாணுலிங்கம் அந்தப் பாட்டிலின் வாயைச் சட்டை நுனியால் எத்தனை தடவை துடைத்திருப்பான். இப்போதும் பைக்குள் ஒரு சின்ன சானிடைசர் குப்பி உண்டு. வாடிக்கைக்காரர்கள் அவனைப் பற்றிச் சொல்வதே, "தாணு செஞ்சா வேல சுத்தமா இருக்கும், பசை ஒரு சொட்டு வெளியே தெரியாது" என்றுதான். இவனுக்கும் அண்ணனுக்கும் ஒரே அப்பா என்று சொன்னால் நாகர்கோவிலில் யாரும் நம்பமாட்டார்கள். அண்ணன் கண்ணில்... இல்லை. அது வேண்டாம். அதை நினைக்க வேண்டாம். தாணுலிங்கம் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மூன்று அடித்தது. கஞ்சி. தம்ளரில் மேலே ஆடை படிந்திருந்தது, அதைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கினான். கட்டிலின் ஓரத்தில் உட்காராமல், குனிந்து, கையை முழு நீளத்துக்கு நீட்டி ஊட்டினான், தீயில் எதையோ போடுகிறவன் மாதிரி. முதல் கரண்டி உள்ளே போனது. இரண்டாவது போய்விட்டுப் பாதி திரும்பி வந்தது. வலது கடைவாய் தொங்கிக்கிடந்தது, அங்கிருந்து கஞ்சியும் எச்சிலும் கலந்து வெள்ளையாக ஒரு கோடு மோவாய்க்கு இறங்கி, கழுத்து மடிப்பில் தேங்கியது. ஒரு ஈ வந்து அதில் உட்கார்ந்தது. தாணுலிங்கம் ஊதினான், ஈ போகவில்லை. இது என் அண்ணன் என்று ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான், அப்படிச் சொன்னதால் எதுவும் மாறவில்லை, அருவருப்பு அப்படியே இருந்தது, கூடவே அந்த அருவருப்பைப் பார்த்துத் தன்மேல் ஒரு அருவருப்பு. மூன்றாவது கரண்டிக்கு அண்ணன் நாக்கை நீட்டினான். தடித்து, வெள்ளை படிந்து, நடுவில் பள்ளம் விழுந்த நாக்கு. அவ்வளவுதான், இத்தனை நேரம் மறித்து வைத்திருந்தது மடையை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்பாவின் பட்டறை. தாணுவுக்கு ஒன்பது வயசு, மாதேவனுக்குப் பதினாறு. மாதேவன் இழைப்புளி தள்ளுகிறான், தாணு எதிரே குனிந்து சீவலைப் பிடிக்கிறான், சிராய் ஒன்று பறந்து இடது கண்ணில். அலறினான். மாதேவன் அவனை மல்லாத்தி, தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் நெரித்து வைத்துக்கொண்டு, இமையை விரலால் பிளந்து, குனிந்து, நாக்கை. கண் முழியின் மேல் நாக்கு. சூடு, சொரசொரப்பு, உப்பு. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. பிறகு நாக்கு நுனியை நீட்டிக் காட்டினான், அதில் கறுப்பாய் ஒரு சிராய். "பாத்தியாலே, கண்ணுக்குள்ள ஒரு தேக்கு மரமே கெடந்துது." தாணு நன்றி சொல்லவில்லை. ஓடிப்போய்க் கிணற்றடியில் துணி சோப்பைப் போட்டுக் கண்ணைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். இரண்டு நாள் கண் வீங்கி மூடிக்கிடந்தது. சிராய் செய்த வேலை என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்பா மட்டும், மாதேவன் எச்சில்தான் விஷமாகிவிட்டது என்று அவனைப் போட்டு அடித்தார். சோப்பு என்று தாணு சொல்லவே இல்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அன்றைக்குக் கண், நேற்று வில். இரண்டு தடவையும் சோப்பு, இரண்டு தடவையும் பழி அண்ணனுக்கு. கரண்டியைத் தம்ளரில் போட்டான்.

நார் ஓட்டம் பார்க்கத் தண்ணீர் போதாதா என்ன. எச்சிலும் தண்ணீர்தானே. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து விரலால் தொட்டு வில்லின் இடது கையின் நடுவில் தடவினான். மரம் குடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தடவினான், நேற்று ஊறிய மரம் பஞ்சு பஞ்சாய்ச் சிலிர்த்துக்கொண்டு மொத்தமாகக் கறுத்தது, அதில் நார் எங்கே, நிழல் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. "தண்ணி உள்ள போயிரும்டே, எச்சில்தான் மேல நிக்கும்" என்று அண்ணன் யாரிடமோ சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. உப்புத்தாளால் பஞ்சை எடுத்தான், காற்றில் காட்டிக் காயவைத்தான். மூன்றே முக்கால். தன் எச்சிலையே துப்பிப் பார்க்கலாம் என்று வாயைக் குவித்தான், பயத்தில் வாய் காய்ந்துபோய் ஒரு சொட்டு வரவில்லை. சிரிப்பாகக்கூட இருந்தது. கட்டிலைப் பார்த்தான். அங்கே எச்சிலுக்குக் குறைவில்லை, ஓய்வு ஒழிவில்லாமல் வடிந்துகொண்டிருந்தது. அண்ணன் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான், இடது கையை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனான், விரலை உதட்டில் வைத்து வில்லின் பக்கம் நீட்டினான். பசி இல்லை. அப்போது காட்டியதும் பசி இல்லை. நான் ஒரு மடையன், இதைத்தானே அவன் மத்தியானத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தாணுலிங்கம் துண்டை எடுத்துக் கஞ்சியைத் துடைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். பெருவிரலை அண்ணனின் மோவாயில் வைத்து வழித்தான். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று, நூல் மாதிரி நீண்டு அறுந்தது. உடம்பு முழுக்க மயிர்க்கால் குத்திட்டு நின்றது, ஓங்கரிப்பு வந்தது, கண்ணில் நீர் கட்டியது. வரட்டும். மரத்தில் தேய்த்தான். ஒட்டியது, பரவியது, மேலேயே நின்றது. அதற்கு அடியில் நார் ஒவ்வொன்றாக எழும்பி வந்தது, தலை வாரின மாதிரி நேர் நேராய் ஓடி வந்து, வில்கையின் நடுவில் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பில் போய் அறுந்து நின்றது. அதே இடம். அவன் சீவிய அதே இடம். அங்கேதான் பெருக்கல் குறி. இன்னும் பத்து இழுப்பு இழுத்திருந்தால் போற்றி கையில் அது வாழை மட்டை மாதிரிக் கிழிந்திருக்கும். "இங்கதானே அண்ணே?" என்றான். ஆவ் என்றான் மாதேவன். இந்தத் தடவை அது வேறு ஆவ், இழுத்து, தலையும் சேர்ந்து ஆடியது.

பிறகு நேரம் போனது தெரியவில்லை. சாய்ந்த இடத்தைத் தொடாமல் விட்டு, அதற்கு அப்பால் நுனிப் பக்கமாகச் சீவினான், இரண்டு பக்கமும் ஒத்துவருகிற அளவுக்கு வில்லின் வலது கையிலும் குறைத்தான். வில் கொஞ்சம் சாதுவாகும், அம்பு அவ்வளவு வேகமாகப் போகாது, இளநீர் எங்கேயும் ஓடிவிடாது, அது போதும். சீவுவது, எச்சில் தடவுவது, முளையில் மாட்டி முப்பது தடவை இழுப்பது, மறுபடியும் இறக்கிப் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் கட்டிலுக்குப் போய் மோவாயை வழித்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தடவையும் அதே குமட்டல், பழகிவிடும் என்று நினைத்தான், பழகவில்லை. ஒரு கட்டத்தில் அண்ணனின் வாயும் வறண்டுவிட்டது. மணி நாலரை தாண்டியிருந்தது. வில்லின் நுனியில் ஒரு சாண் பாக்கி, அங்கே நார் எப்படி என்று பார்க்க வேண்டும். தாணுலிங்கம் வில்லை முகத்துக்கு நேராகத் தூக்கினான். அண்ணன் நாக்கும் இவன் வழித்துப் பூசியதும் எல்லாம் ஊறிய மரம். தோல் செருப்பு நாற்றம் மூக்கில் ஏறியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நாக்கை நீட்டி ஒரு இழுப்பு இழுத்தான். கசப்பு. கஞ்சியின் புளிப்பு. உப்பு. நாக்கில் தூள் ஒட்டியது. கண்ணைத் திறந்து பார்த்தபோது நார் நேராக ஓடியது, எந்தக் கோளாறும் இல்லை. கட்டிலில் க்ளுக் என்று ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் சிரிக்கிறான். பாதி வாய்தான் சிரித்தது, மீதிப் பாதி தொங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது பழைய கொய்யாப்பழச் சிரிப்பேதான். "சிரிக்காதண்ணே" என்றான் தாணுலிங்கம், கோபமாகத்தான் சொன்னான்.

கடைசியாக முளையில் மாட்டி, போற்றி இழுக்கிற அளவுக்கு, காது வரைக்கும் வருகிற அளவுக்குக் கயிற்றை இழுத்தான். வில்லின் இரண்டு கையும் ஒன்றுபோல வளைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. பதினெட்டில் டிக் என்றது, உயிரே போய்விட்டது. தலையைத் தூக்கினால் டியூப்லைட் பட்டியிலிருந்து ஒரு பல்லி தொண்டையைத் துடிக்கவிட்டுக்கொண்டு இவனையே பார்த்தது. ஒரே ஒரு டிக் சொல்கிற பல்லியும் உண்டு போலிருக்கிறது. முப்பதும் முடிந்தது. மரம் வாயைத் திறக்கவில்லை. இறக்கி, எங்கேயாவது நூலளவு பிளந்திருக்கிறதா என்று சந்தேக இடத்தில் மறுபடியும் ஒரு தடவை நாக்கை வைத்து இழுத்தான். இப்போது கண்ணைக்கூட மூடவில்லை. வாய் நிறைய மரத்தூளும் கொழகொழப்பும் சேர்ந்துகொண்டது. ஓடிப்போய்த் துப்பிவிட்டு நாலு தடவை வாய் கொப்புளிக்க வேண்டும் என்று எழுந்தான்.

எழுந்தவன் எதிரே வாசலில் போற்றி நின்றார். ஈர வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் மஞ்சள் பட்டு. யார்மேலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்திருப்பார் என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. "ஆச்சாடே தாணு?" என்றார். தாணுலிங்கம் தலையை ஆட்டினான். அவர் வில்லை ஏற இறங்கப் பார்த்தார். "பளபளன்னு வச்சிருக்கியே. என்ன எண்ண போட்ட?" என்றவர், பதில் வராததைப் பார்த்துவிட்டு, "சுத்தபத்தமாத்தானே செஞ்ச? அம்மைக்கு முன்னால கேக்கேன், வாயத் தொறந்து சொல்லு" என்றார். வாயைத் திறக்க வேண்டும் என்றால் துப்ப வேண்டும். போற்றியின் காலடியில், பட்டுக்கு முன்னால், எப்படித் துப்புவது. அது நாக்கின் மேலேயே நின்றது, அண்ணனுடையது எது, தன்னுடையது எது, மரத்துடையது எது என்று பிரிக்க முடியாமல் நின்றது. தாணுலிங்கம் விழுங்கினான். அது மெதுவாகத்தான் இறங்கியது, போகிற வழியெல்லாம் தெரிந்தது.

"சுத்தமா இருக்கு போத்தி. முழுக்க எங்க அண்ணன் வேல" என்றான்.

போற்றி பட்டை விரித்து வில்லை வாங்கிக்கொண்டார். அம்மே என்று முனகிக்கொண்டு, இன்னும் ஈரம் காயாத அந்த இடத்தை முதலில் இடது கண்ணிலும் பிறகு வலது கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கட்டிலில் மாதேவன் மறுபடியும் க்ளுக் என்றான். தாணுலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தன் இடது கண்ணைக் கசக்கிக்கொண்டு, போற்றி தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றான். பிறகு உள்ளே வந்து, கிணற்றடிக்குப் போகாமல், கஞ்சித் தம்ளரை எடுத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.